வங்கிகளின் வெள்ளக் கணக்கு: வெலிங்டன் தீவும் ஒரு மென்பொருளும்

புது தில்லி: 2018 ஆகஸ்ட் 20-ஆம் தேதி காலை, பெங்களூரில் இருந்து வந்த அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் சிறிய விமானம் ஒன்று, கொச்சி வெலிங்டன் தீவில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா தளத்தில் தரையிறங்கியது. 1999-இல் நெடும்பாசேரியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்ட பிறகு பயணிகள் விமானங்கள் கைவிட்டுப்போன ஓடுபாதை அது. பெரியாறு பெருக்கெடுத்து நெடும்பாசேரியை மூழ்கடித்ததால், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத் தீவின் பழைய ஓடுபாதை மீண்டும் பொதுமக்களுக்குப் பயன்பட்டது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. வெலிங்டன் தீவு காயலின் நடுவே, துறைமுகத்துக்காகத் தோண்டிய சேற்றைக் கொட்டி உருவாக்கப்பட்டது. கடல் மட்டத்தைவிடச் சில அடிகளே உயரம். நெடும்பாசேரியோ கடற்கரையில் இருந்து உள்ளே தள்ளி, சுமார் 30 அடி உயரத்தில் அமைந்துள்ளது. கடல் மட்ட உயர்வை மட்டும் அளவுகோலாகக் கொண்டு, ஆபத்தான இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னால் எவரும் தீவின் மீதுதான் வைப்பர். ஆனால், 2018 ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது நெடும்பாசேரி. அங்கு சுமார் 2.6 கி.மீ. நீளச் சுற்றுச்சுவர் சரிந்தது. இழப்பு ரூ. 200 கோடிக்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. தீவு தப்பியது.

இப்படிச் சிவப்புப் புள்ளி வைக்கும் வேலையை இன்று உலகெங்கும் மென்பொருள்கள் செய்யத் தொடங்கியுள்ளன. வங்கிகள் கொடுத்த கடன்கள், காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதியங்களும் வாங்கி வைத்துள்ள பங்குகள், கடன் பத்திரங்கள் ஆகியவற்றை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டு, பருவநிலை மாற்றத்தால் அவற்றில் எவ்வளவு மூழ்கும் என்று அவை கணக்கிடுகின்றன. அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து, நாளை யாருக்குக் கடன் கிடைக்கும், எவ்வளவு வட்டிக்குக் கிடைக்கும், எந்த ஊருக்குக் கிடைக்கவே கிடைக்காது என்பதெல்லாம் முடிவாகலாம். கணினி அறைக்குள் நடக்கும் இந்தக் கணக்கு அரசியல் விவாதத்துக்கு உரியதாவது இதனால்தான்.

அழுத்தச் சோதனை

வங்கித் துறையில் "ஸ்ட்ரெஸ் டெஸ்ட்" எனப்படும் அழுத்தச் சோதனை புதிதல்ல. பொருளாதாரம் சரிந்தால், வட்டி உயர்ந்தால், ரூபாயின் மதிப்பு வீழ்ந்தால் வங்கியின் மூலதனம் தாங்குமா என்று ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு இருமுறை தனது நிதி நிலைத்தன்மை அறிக்கையில் சோதித்துப் பார்க்கிறது. அதே சோதனையில் வட்டி விகிதத்துக்குப் பதிலாகப் புயலையும் வெள்ளத்தையும் வெப்ப அலையையும் வைத்தால், அது பருவநிலை அழுத்தச் சோதனை.

மென்பொருள் இதை மூன்று அடுக்குகளாகச் செய்கிறது. முதல் அடுக்கு ஆபத்து: ஓர் இடத்தில் நூறாண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எத்தனை அடி நிற்கும் என்னும் வரைபடம். இரண்டாவது அடுக்கு, அந்த இடத்தில் வங்கியின் பணம் எவ்வளவு முடங்கியுள்ளது என்பது. மூன்றாவது, குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் நின்றால் கட்டடமும் இயந்திரங்களும் எத்தனை சதவீதம் பாழாகும் என்று காட்டும் வளைகோடு. மூன்றையும் பெருக்கினால் சேத மதிப்பு கிடைக்கும். அது பின்னர் வங்கியின் மொழிக்கு மாற்றப்படுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு கிடங்கு உரிமையாளருக்கு வங்கி ரூ. 1 கோடி கடன் தந்துள்ளது. அவர் கடனைத் திருப்பித் தராமல் போகும் வாய்ப்பு 2 சதவீதம். அப்படிப் போனால் வங்கி இழப்பது 40 சதவீதம் என்று கொண்டால், எதிர்பார்க்கப்படும் இழப்பு ரூ. 80,000. வெள்ளம் வந்து சரக்கு நனைந்து வியாபாரம் நின்றால் முதல் எண் 6 சதவீதமாகவும், அடமானச் சொத்தின் மதிப்பும் குறைவதால் இரண்டாவது எண் 60 சதவீதமாகவும் உயர்கிறது. இழப்பு ரூ. 3.6 லட்சம். கிடங்கு அதே கிடங்கு, கடன் அதே கடன். வங்கியின் கணக்கில் ஆபத்து நான்கரை மடங்காகிவிட்டது.

இதற்கான மென்பொருள்களில் சில, எவரும் பதிவிறக்கிப் பயன்படுத்தக்கூடிய திறந்தவெளி மென்பொருள்கள். சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிச் பல்கலைக்கழகத்தின் "கிளிமாடா", லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 2020-இல் தொடங்கப்பட்ட "ஓ.எஸ்.-கிளைமேட்" திட்டத்தின் "ஃபிஸ்ரிஸ்க்" ஆகியவை அவ்வகையின. மற்றவை தனியார் ஆலோசனை நிறுவனங்களுக்குச் சொந்தமான மூடிய பெட்டிகள். உள்ளே என்ன சூத்திரம் இருக்கிறது என்பது விலை கொடுத்து வாங்கிய வங்கிக்கே முழுதாகத் தெரியாது.

எதிர்காலம் எப்படி இருக்கும் என்னும் அனுமானங்களைப் பெரும்பாலும் "என்.ஜி.எஃப்.எஸ்." எனப்படும் மத்திய வங்கிகளின் கூட்டமைப்பு வகுத்துத் தருகிறது. 2017 டிசம்பரில் பாரிஸ் நகரில் எட்டு மத்திய வங்கிகளுடன் தொடங்கிய இந்த அமைப்பில் இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஏப்ரல் 23-ஆம் தேதி சேர்ந்தது. ஐரோப்பிய மத்திய வங்கி 2022-இல் 104 வங்கிகளிடம் இந்தச் சோதனையை நடத்தியபோது, அவற்றில் ஏறத்தாழ 60 சதவீத வங்கிகளிடம் இதற்கான கட்டமைப்பே இல்லை என்பது தெரியவந்தது. பணக்கார நாடுகளின் நிலையே அது.

சென்னை மாகாணத்தின் தீவு

இந்தக் கணக்கை வெலிங்டன் தீவில் போட்டுப் பார்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்தியக் கடற்கரையில் நீண்ட காலக் கடல் மட்டப் பதிவு உள்ள ஒரு சில இடங்களில் இத்தீவும் ஒன்று.

பிரிட்டிஷ் கொச்சி அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1920-இல் வந்து சேர்ந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயிலை அடைத்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி வழி உண்டாக்கினார். 1928 மே 26-ஆம் தேதி "பத்மா" என்னும் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி உருவான தீவுக்கு, சென்னை ஆளுநராக இருந்து பின்னர் வைஸ்ராயான வெலிங்டன் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. துறைமுக நிர்வாகம், கடற்படையின் தெற்குப் பிராந்தியத் தலைமையகம், சுங்க அலுவலகம், மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், தேயிலை ஏல மையம் என்று இன்று தீவில் இருப்பவை அனைத்தும் அந்தச் சேற்றின் மீதுதான் நிற்கின்றன. சரக்குப் பெட்டக முனையம் 2011-இல் வல்லார்பாடத்துக்கு இடம்பெயர்ந்தபோது தீவின் கதை முடிந்தது என்று கருதியவர்கள் உண்டு. ஆனால், கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் சர்வதேசக் கப்பல் பழுதுபார்ப்பு மையம் இங்கு சுமார் ரூ. 970 கோடியில் அமைக்கப்பட்டு, 2024 ஜனவரியில் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. அந்நிறுவனம் 2017 முதல் பங்குச் சந்தையில் உள்ளது. எங்கோ மதுரையிலோ ஈரோட்டிலோ பரஸ்பர நிதியில் மாதாமாதம் பணம் போடுபவருக்கும், அவர் அறியாமலேயே, இந்தத் தீவில் ஒரு பிடி மண் சொந்தமாக இருக்கலாம்.

தீவின் கடல் மட்ட அளவியில் 1939 முதல் பதிவுகள் உள்ளன. 1939 முதல் 2007 வரை இங்கு கடல் மட்டம் ஆண்டுக்கு 1.30 மி.மீ. வீதம் உயர்ந்ததாக மத்திய அரசு 2019-இல் மக்களவையில் தெரிவித்தது. அதே பதிலில் சென்னைக்கு 0.33 மி.மீ., வங்கத்தின் டைமண்ட் துறைமுகத்துக்கு 5.16 மி.மீ. என்று குறிப்பிடப்பட்டது. கொச்சியின் கணக்கைக் கூட்டினால் 68 ஆண்டுகளில் ஏறத்தாழ 9 செ.மீ. பார்வைக்குச் சிறிய எண்தான். உலக சராசரியோ 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் ஆண்டுக்கு 3.7 மி.மீ. ஆக வேகமெடுத்துவிட்டது என்கிறது ஐ.நா.வின் பருவநிலைக் குழு. இந்நூற்றாண்டின் இறுதிக்குள், புகை கட்டுக்கடங்காமல் போனால், உயர்வு 63 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை இருக்கலாம் என்பது அக்குழுவின் 2021 அறிக்கை.

ஆனால், வங்கிகள் திட்டமிடுவது மூன்று ஆண்டுகளுக்கு, மிஞ்சினால் ஐந்து. இந்தக் கால இடைவெளியைத்தான் அன்றைய இங்கிலாந்து வங்கித் தலைவர் மார்க் கார்னி 2015 செப்டம்பரில் லண்டன் காப்பீட்டாளர்கள் முன் சுட்டிக்காட்டினார். ஆபத்து உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியும்போது, அதைத் தடுக்கும் காலம் கடந்திருக்கும் என்பது அவரது வாதத்தின் சாரம்.

தென்னை உச்சியைத் தரை என்று எண்ணும் கருவி

மென்பொருளின் முதல் அடுக்கான வரைபடத்தில்தான் முதல் சிக்கல் தொடங்குகிறது. உலகெங்கும் அதிகமாகப் பயன்படும் நில உயர வரைபடங்களில் ஒன்று, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் ரேடார் மூலம் எடுத்தது. ரேடார் அலை பல இடங்களில் மரத்தின் உச்சியிலும் கூரையிலும் பட்டுத் திரும்புவதால், அதையே தரை மட்டம் என்று அது பதிவு செய்துவிடுகிறது. தென்னந்தோப்புகள் அடர்ந்த கடற்கரைக்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பிழையைத் திருத்திக் கணக்கிட்டால், உலகில் கடலோர வெள்ள ஆபத்தில் இருப்போர் எண்ணிக்கை முன்பு கருதியதைப்போல மூன்று மடங்கு என்று அமெரிக்காவின் கிளைமேட் சென்ட்ரல் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கட்டுரை கூறியது.

மூன்றாவது அடுக்கும் அப்படியே. பல மென்பொருள்கள் பயன்படுத்தும் வெள்ளச் சேத வளைகோடுகள், ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2017-இல் தொகுத்தவை. அதில் வீடுகளுக்கு ஒன்று, வணிகத்துக்கு ஒன்று என ஆசியா முழுமைக்கும் சராசரி வளைகோடுகள் உள்ளன. டோக்கியோவின் அடுக்குமாடியும் செல்லானத்தின் ஓட்டு வீடும் ஒரே சராசரிக்குள் அடங்கும் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான்.

தீவுக்குத் தெற்கே உள்ள செல்லானம் கடலோரக் கிராமத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2017-இல் ஒக்கி புயலிலும் 2021-இல் டவ்தே புயலிலும் அங்கு கடல் வீடுகளுக்குள் புகுந்தது. அதன் பிறகு ரூ. 344 கோடித் திட்டத்தில் சுமார் 7 கி.மீ. நீளத்துக்கு நான்கு கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கிக் கடல் தடுப்புச் சுவர் எழுப்பப்பட்டது. பழைய வரைபடத்தை வைத்துள்ள மென்பொருளுக்கு அந்தச் சுவர் தெரியாது. அரசு பொதுப் பணத்தைச் செலவிட்டு ஆபத்தைக் குறைத்த பிறகும், மீனவர் வீட்டின் மீது சிவப்புப் புள்ளி அப்படியே இருக்கும்.

ஆற்று வெள்ளத்தில் இது இன்னும் சிக்கலானது. 2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் பெய்த மழை 2,346 மி.மீ.; வழக்கத்தைவிட 42 சதவீதம் அதிகம். இடுக்கி அணையின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டன. முல்லைப் பெரியாறு நீர்மட்டம் குறித்து அப்போது உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கைத் தமிழக வாசகர்கள் மறந்திருக்க முடியாது. எந்த மதகு எப்போது திறக்கப்படும் என்பதை இரு மாநில அரசுகளும் நீதிமன்றமும் முடிவு செய்கின்றன. மழையை மட்டும் அறிந்த சூத்திரத்தில் அதற்கு இடமில்லை.

தேயிலை வரும் வழி

ஓர் இடத்தின் ஆபத்து அந்த இடத்தோடு முடிவதுமில்லை. வெலிங்டன் தீவில் 1947 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. இன்று கணினித் திரையில் விலை கேட்டாலும், ஏலத்துக்கு வரும் தேயிலை மலைகளில் இருந்து இறங்கியாக வேண்டும். தீவின் கிடங்குக்குள் ஒரு சொட்டு நீர் புகாவிட்டாலும், மூணாறு சாலை அடைபட்டால் கிடங்கு காலி.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழகத்தில் இருந்து தலைமுறைகளுக்கு முன் சென்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தேயிலை நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியின் அழுத்தச் சோதனையில் இந்நிகழ்வு "சில நாள் உற்பத்தி இழப்பு" என்னும் ஒற்றை எண்ணாகப் பதிவாகும். இழந்த குடியிருப்புகள் தொழிலாளர்களின் சொந்தச் சொத்து அல்ல. அடமானத்தில் இருந்தவையும் அல்ல. ஆகவே கணக்கில் வராது. மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. வங்கி எவ்வளவு இழக்கும் என்று மட்டுமே அதனிடம் கேட்கப்பட்டது. அது அதற்கு மட்டுமே பதில் சொல்கிறது.

உஸ்பெகிஸ்தான் பாடம்

எண்கள் எந்த அளவுக்கு நம்பகமானவை என்பதற்கு அண்மையில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2024 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை, பருவநிலை மாற்றத்தால் இந்நூற்றாண்டின் நடுவில் உலக வருமானம் 19 சதவீதம் குறையும் என்று கணித்தது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய வங்கிகளின் கூட்டமைப்பு அந்தச் சூத்திரத்தைத் தனது அனுமானங்களில் சேர்த்துக்கொண்டது. பின்னர், உஸ்பெகிஸ்தான் என்ற ஒரே நாட்டின் 1990-களின் பொருளாதாரப் புள்ளிவிவரங்களில் இருந்த கோளாறு முடிவுகளைப் பெரிதும் திசைதிருப்பியதை வேறு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். 2025 டிசம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

பருவநிலை ஆபத்து பொய் என்று இதற்குப் பொருள் கொள்வோர் தவறிழைக்கின்றனர். தரவும் கணினி நிரலும் வெளிப்படையாக இருந்ததால்தான் தவறு பிடிபட்டது என்பதே இங்கு குறிப்பிடத்தக்கது. மூடிய பெட்டிக்குள் இருந்திருந்தால் உஸ்பெகிஸ்தானின் பழைய புள்ளிவிவரம் கொச்சியிலும் கோவையிலும் வட்டி விகிதத்தை நிர்ணயித்துக்கொண்டே இருந்திருக்கும்.

தில்லியும் மும்பையும்

இந்தியாவில் இது எங்கே நிற்கிறது? ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் விவாத அறிக்கை ஒன்றை வெளியிட்டது. கடும் வெப்பத்தால் வேலை நேரம் இழக்கப்படுவதால் 2030-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.5 சதவீதம் வரை ஆபத்துக்குள்ளாகலாம் என்று 2023 மே மாதம் அதன் ஆய்வறிக்கை கூறியது. 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி, பருவநிலை தொடர்பான நிதி ஆபத்துகளை வங்கிகள் வெளியிடுவதற்கான வரைவு நெறிமுறை வந்தது. பல்வேறு பருவநிலைச் சூழல்களில் தாங்கள் எவ்வாறு தாக்குப்பிடிப்போம் என்பதை வங்கிகள் விளக்க வேண்டும் என்கிறது அந்த வரைவு. தில்லியில் நிதி அமைச்சர் 2024 ஜூலை பட்ஜெட்டில், எவை பருவநிலைக்கு உகந்த முதலீடுகள் என்று வகைப்படுத்தும் பட்டியல் தயாராகும் என அறிவித்தார். அதன் வரைவுச் சட்டகம் 2025 மே மாதம் வெளியானது.

2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, பருவநிலை ஆபத்துத் தகவல் அமைப்பு ஒன்றை உருவாக்கப்போவதாகத் தெரிவித்தது. இதில் இரு பகுதிகள். எந்தத் தகவல் எங்கே கிடைக்கும் என்னும் பட்டியல் இணையத்தில் அனைவருக்கும் திறந்திருக்கும். செப்பம் செய்யப்பட்ட தரவுகள் அடங்கிய தளமோ, ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும். வங்கிக்கு எட்டும் தரவு, அந்த வங்கியிடம் கடன் கேட்டு நிற்பவருக்கும், அவரது ஊராட்சிக்கும், அவரது தொகுதி எம்.பி.க்கும் எட்டாது. தீவின் கடல் மட்டப் பதிவுகளை இங்கிலாந்தின் லிவர்பூலில் உள்ள உலகத் தரவு மையத்தில் இருந்து எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ள முடிகிறபோது, இந்த ஏற்பாடு வியப்பளிக்கிறது.

யார் தலையில்?

இதுவரை வெள்ளம் வந்த பிறகே வங்கிகள் கணக்குப் பார்த்தன. ரிசர்வ் வங்கியின் இயற்கைப் பேரிடர் நிவாரண விதிகளின்படி, பயிர் இழப்பு 33 சதவீதத்தைத் தாண்டினால் குறுகிய காலக் கடனைத் திருப்பிச் செலுத்த இரண்டு ஆண்டுகள் வரையிலும், 50 சதவீதத்தைத் தாண்டினால் ஐந்து ஆண்டுகள் வரையிலும் அவகாசம் தர இடமிருந்தது. 2018-இல் கேரள மாநில வங்கியாளர் குழுவும் தவணை நிறுத்தம் அறிவித்தது. ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி அந்த வெள்ளத்தில் இருந்து மீள கேரளத்துக்குத் தேவைப்பட்டது ரூ. 31,000 கோடி. அந்தச் சுமையை வங்கி, அரசு, கடன் வாங்கியவர் என மூவரும் ஏதோ ஒரு விகிதத்தில் பகிர்ந்துகொண்டனர். அந்த விகிதம் நியாயமானதா என்பது வேறு விவாதம்.

அழுத்தச் சோதனை இந்த வரிசையை மாற்றுகிறது. வெள்ளம் வருமுன்பே இழப்பு கணக்கிடப்பட்டு, வட்டியில் ஏற்றப்படும்; அல்லது விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனம், காட்டுத்தீ உள்ளிட்ட ஆபத்துகளைக் காட்டி, புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. காப்பீடு இல்லாத வீட்டுக்கு அங்கு வங்கிக் கடனும் கிடைப்பது அரிது. 2023 டிசம்பரில் மிக்ஜம் புயல் மழையில் மூழ்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளுக்கு அத்தகைய சிவப்புப் புள்ளி விழுந்தால், அவற்றை நடத்துவோர் எங்கே போவர்? கந்து வட்டிக்காரரிடம் மென்பொருள் கிடையாது.

வங்கிகளைக் கண்மூடிக் கடன் கொடுக்கச் சொல்ல முடியாது. அவற்றில் இருப்பது மக்களின் சேமிப்பு. அதே வேளை, சோதனையின் முடிவு இருவிதமாகவும் பயன்படும். செல்லானத்தில் எழுந்த சுவரைப் போல, எங்கே அடுத்த சுவர் வேண்டும், எந்தக் கால்வாயைத் தூர்வார வேண்டும் என்பதை அரசுக்குச் சொல்லவும் அதே கணக்கு உதவும். அதற்கு முடிவுகள் ஊர்வாரியாகப் பொதுவெளிக்கு வர வேண்டும். வரைவு நெறிமுறை வங்கி அளவிலான வெளியீட்டையே கேட்கிறது. ஊர் அளவிலான வெளியீட்டை அல்ல.

இன்னொரு விஷயமும் அதில் கவனிக்கத்தக்கது. வரைவு வர்த்தக வங்கிகளுக்கும், அகில இந்திய நிதி நிறுவனங்களுக்கும், பெரிய வங்கிசாரா நிறுவனங்களுக்கும், ரூ. 10,000 கோடிக்கு மேல் வைப்புத்தொகை உள்ள நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தும். கிராம வங்கிகளுக்கு விலக்கு. தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களும், மாவட்டக் கூட்டுறவு வங்கிகளை இணைத்துக் கேரளம் 2019-இல் உருவாக்கிய கேரள வங்கியும் பட்டியலில் இல்லை. வெலிங்டன் தீவின் கப்பல் பழுதுபார்ப்பு மையத்துக்குக் கடன் தரும் வங்கி சோதனைக்குள் வரும். தீவுக்கு அக்கரையில் படகுக்கும் வலைக்கும் கடன் தரும் சங்கத்துக்கு அந்த வரைவில் காலக்கெடு எதுவும் குறிக்கப்படவில்லை.